பாயின்ட் போய் டிரான்சிஸ்டர் வந்தது: பழைய டிரக்குக்கு ஓர் அப்கிரேடு

பந்து வைத்த மவுஸைப் பயன்படுத்தியவர்களுக்கு அதன் தொல்லை நினைவிருக்கும். சில வாரங்களிலேயே உள்ளே இருக்கும் சிறிய உருளைகளில் அழுக்கு படிந்துவிடும். கர்சர் திக்கித் திக்கி நகரும். மூடியைத் திருகி, பந்தை வெளியே எடுத்து, உருளைகளை நகத்தால் சுரண்டினால் சரியாகும். அடுத்த மாதம் மறுபடியும் அதே வேலை. ஆப்டிகல் மவுஸ் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. உருண்டு தேயும் பாகத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு விளக்கையும் ஒரு சென்சாரையும் வைத்தார்கள். அவ்வளவுதான்.

இதே மாற்றம் பெட்ரோல் எஞ்சின்களில் 1970களிலேயே நடந்துவிட்டது. அங்கே பந்துக்குப் பதில் இருந்தது 'பாயின்ட்'. நம் ஊர் மெக்கானிக்குகள் சி.பி. பாயின்ட் என்பார்கள். பழைய புல்லட், பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். இதை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது எப்படி, அதனால் என்ன லாபம், எங்கே கவனம் வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் இதழில் டிரக்குக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கம்ப்யூட்டரின் பிராசஸரில் இருப்பவை அனைத்தும் ஸ்விட்சுகள். அசையும் பாகம் இல்லாத, கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர் ஸ்விட்சுகள். அவற்றில் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று மதர்போர்டில் பார்க்க முடியாது. ஒரு பழைய டிரக்கின் பானெட்டைத் திறந்தால் பார்க்கலாம்.

நான் அலுவலகப் பணிக்காக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சில காலம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1970ஆம் ஆண்டு மாடல் செவர்லே சி-10 பிக்அப் டிரக் இருந்தது. 250 கன அங்குலம், அதாவது சுமார் 4.1 லிட்டர் கொள்ளளவு உள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். குளிர் காலத்தில் விறகு ஏற்றிவர அவருக்கு அந்த வண்டிதான் கதி. ஈரமான காலைகளில் அது ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறலாமா என்று அவருக்கு நீண்ட நாள் யோசனை. நான் கம்ப்யூட்டர்காரன் என்பதால் என்னிடம் கேட்டார்.

நம் ஊர் லாரிகளில் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. அவற்றில் காற்றை மிக இறுக்கமாக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். தீப்பொறி தேவையில்லை. பெட்ரோல் எஞ்சினுக்கு ஒவ்வொரு முறையும் தீப்பொறி வேண்டும். எனவே இந்த அப்கிரேடு பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டுமே.

தீப்பொறி எப்படி உண்டாகிறது?

டிரக்கில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்குப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த வேலையைச் செய்வது இக்னிஷன் காயில்.

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. முதல் சுருளில் 12 வோல்ட் மின்சாரம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உருவாகும். அந்த மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால் காந்தப்புலம் சட்டென்று சரியும். அப்போது முதல் சுருளிலேயே 200 முதல் 300 வோல்ட் வரை எகிறும். இரண்டாவது சுருளில் ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள் இருப்பதால் அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். ஸ்விட்சைப் போடும்போது பொறி வருவதில்லை. அணைக்கும்போதுதான் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

போட்டு அணைக்கும் அந்த ஸ்விட்சுதான் பாயின்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஆறு முனைகள் உள்ள கேம் ஒன்று சுழலும். அதன் ஒவ்வொரு முனையும் பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும். முனை தாண்டியதும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பக்கத்திலேயே இருக்கும் கண்டென்சர், பாயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பறந்து உலோகம் கருகாமல் பார்த்துக்கொள்ளும்.

பேட்டரி, காயில், பாயின்ட் மூன்றும் சேர்ந்த இந்த முறையை உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். 1910ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் இது வந்தது. பின்னர் பல பத்தாண்டுகள் உலகின் பெரும்பாலான கார்கள் இதை வைத்தே ஓடின. அவ்வளவு எளிமையான ஏற்பாடு.

பாயின்ட்டுக்கு என்ன குறை?

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. அப்படியென்றால் நிமிடத்துக்கு 9,000 பொறிகள், நொடிக்கு 150. ஓர் உலோகத் துண்டு நொடிக்கு 150 முறை திறந்து மூட வேண்டும். இதில் மூன்று சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, கருகல். கண்டென்சர் இருந்தாலும் கொஞ்சம் பொறி பறக்கத்தான் செய்யும். ஒரு பக்கத்தில் குழி விழும், எதிர்ப்பக்கத்தில் மேடு தட்டும். மின்சாரம் பாய்வது குறையும். பொறியும் பலவீனமாகும்.

இரண்டாவது, தேய்மானம். கேம் மீது உரசும் சிறிய கட்டை நாளடைவில் தேயும். இடைவெளி குறையும். பாயின்ட் திறப்பது தாமதமாகும். பொறி வர வேண்டிய நேரம் பின்னுக்குப் போகும். இதனால் எஞ்சின் இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் ஓட்டுபவருக்கே தெரியாது.

மூன்றாவது, துள்ளல். வேகம் கூடும்போது பாயின்ட் மூடியதும் நிற்காமல் துள்ளும். உங்கள் கீபோர்டிலும் இது உண்டு. ஒரு விசையை ஒருமுறை அழுத்தினாலும் உள்ளே இருக்கும் தொடர்பு பலமுறை துள்ளிவிட்டுத்தான் நிற்கும். கீபோர்டுக்குள் இருக்கும் சிப் சில மில்லிசெகண்ட் காத்திருந்து, அதை ஓர் அழுத்தமாகக் கணக்கிடுகிறது. இல்லாவிட்டால் 'அ' என்று அடித்தால் 'அஅஅ' என்று வரும். எஞ்சினில் அப்படிக் காத்திருக்க நேரமில்லை. செவர்லேயின் ஆறு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒவ்வொரு பொறிக்கும் சுமார் 33 டிகிரி சுழற்சி வரைதான் பாயின்ட் மூடியிருக்கும். எஞ்சின் 500 சுற்றில் மெதுவாக ஓடும்போது அது 22 மில்லிசெகண்ட். 3,000 சுற்றில் 4 மில்லிசெகண்ட் கூட இல்லை. அதற்குள் காயில் நிறைய வேண்டும்.

அசையும் ஸ்விட்சுகளின் குறை கம்ப்யூட்டர் உலகுக்கும் புதிதல்ல. ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்கள் சில ரிலேக்களால் ஆனவை. ரிலேயும் பாயின்ட்டைப் போலத் திறந்து மூடும் உலோகத் தொடர்புதான். 1947 செப்டம்பரில் ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டரின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்து, அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். புரோகிராம் பிழைக்கு 'பக்' என்ற சொல்லைக் கேட்கும் போதெல்லாம் சொல்லப்படும் கதை இதுதான். அதே 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது.

டிரான்சிஸ்டர் வந்த கதை

டிரான்சிஸ்டரில் திறந்து மூட எதுவும் இல்லை. எனவே தேய்வதும் துள்ளுவதும் இல்லை. 1963 மாடல் பான்டியாக் கார்களில் பாயின்ட் இல்லாத இக்னிஷனை விருப்பத் தேர்வாகத் தந்தார்கள். கிரைஸ்லர் நிறுவனம் 1973 மாடலில் தன் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் எலெக்ட்ரானிக் இக்னிஷனை வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975இல் எச்.இ.ஐ. என்ற தன் முறைக்கு மாறியது. ஃபோர்டும் அதே காலத்தில் மாறியது. ஆகவே அமெரிக்க டிரக்குகளில் 1970களின் நடுப்பகுதிக்கு முந்தைய மாடல்களுக்குத்தான் இந்த அப்கிரேடு தேவைப்படும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் வண்டியில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பொறி எப்போது வர வேண்டும் என்பதை அதிலும் பழையபடி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைக்கட்டைகளும், எஞ்சினின் வேக்குவம் இழுவையும்தான் முடிவு செய்கின்றன. ஸ்விட்ச் மட்டுமே மாறுகிறது. மைக்ரோபிராசஸரே கணக்கிட்டுப் பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் முறை 1977 மாடல் ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோவில் வந்தது. அது வேறு கதை.

கிட்டுக்குள் என்ன இருக்கும்?

பழைய டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொண்டு மாற்றுவதற்குத் தனிக் கிட்டுகள் விற்கிறார்கள். அமெரிக்காவில் பெர்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் இக்னைட்டர் இந்த வகையில் பிரபலம். உள்ளே இரண்டே பொருள்கள். ஒன்று, காந்தங்கள் பதித்த வளையம். இது கேம் மீது உட்காரும். இன்னொன்று, தீப்பெட்டி அளவுள்ள மாட்யூல். இது பாயின்ட் இருந்த இடத்தில் திருகப்படும். அதிலிருந்து சிவப்பு, கறுப்பு என இரண்டு வயர்கள் வரும்.

மாட்யூலுக்குள் ஹால் சென்சார் இருக்கிறது. காந்தம் அருகே வந்தால் மின்னழுத்தம் மாறும் என்பதை 1879இல் கண்டறிந்த எட்வின் ஹாலின் பெயர் இதற்கு. உங்கள் கேபினட்டில் சுழலும் ஃபேனுக்குள் இருப்பதும் இதே வகைச் சென்சார்தான். பல லேப்டாப்களில் மூடியை மூடியதும் திரை அணைவதும் இதனால்தான். காந்தம் கடக்கும்போது சென்சார் சிக்னல் தரும். அந்தச் சிக்னலைக் கேட்டு டிரான்சிஸ்டர் காயிலின் மின்சாரத்தை நிறுத்தும். ஒன்றையொன்று தொடாமலேயே வேலை முடிந்துவிடும். காந்தத்துக்குப் பதில் ஆப்டிகல் மவுஸ் போல ஒளியைப் பயன்படுத்தும் கிட்டுகளும் உண்டு.

இன்னொரு வழி, டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவது. 250 எஞ்சினுக்கு 1975க்குப் பிந்தைய எச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்தும். பொறி இன்னும் வலுவாக இருக்கும். ஆனால் அதற்கு முழு 12 வோல்ட் தரும் தடித்த வயர் புதிதாக இழுக்க வேண்டும். பழைய தோற்றமும் மாறிவிடும். பெரியவர் கிட் போதும் என்றார்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ரேம் வாங்கும்போது மதர்போர்டுக்கு டிடிஆர்3 பொருந்துமா டிடிஆர்4 பொருந்துமா என்று பார்க்கிறோம் அல்லவா? இங்கேயும் அப்படித்தான்.

1. பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1955 வரை வந்த ஃபோர்டு டிரக்குகள் 6 வோல்ட், பாசிட்டிவ் முனை பாடியில். 1956இல் இருந்து 12 வோல்ட், நெகட்டிவ் முனை பாடியில். இரண்டுக்கும் கிட் வேறு. மாற்றி இணைத்தால் மாட்யூல் உடனே எரிந்துபோகும். பாயின்ட் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும், டிரான்சிஸ்டர் பொறுக்காது.

2. டிஸ்ட்ரிபியூட்டர் எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எத்தனை சிலிண்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய வண்டியில் யாராவது ஏற்கெனவே எஞ்சினை மாற்றியிருக்கலாம்.

3. ரோட்டாரைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். தண்டு ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டரின் புஷ் தேய்ந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் கிட் போடுவது, பழுதான ஹார்ட் டிஸ்கில் புதிய விண்டோஸ் போடுவது போல.

4. மல்டிமீட்டரால் காயிலின் முதல் சுருளின் ரெசிஸ்டன்சை அளந்து பாருங்கள். பழைய காயில்கள் சில 1.5 ஓம், சில 3 ஓம். கிட்டோடு வரும் தாளில் உங்கள் எஞ்சினுக்கு எத்தனை ஓம் வேண்டும் என்று இருக்கும். ஓம் குறைந்தால் மின்சாரம் கூடும். 3 ஓமுக்கு 4 ஆம்பியர் என்றால் 1.5 ஓமுக்கு 8 ஆம்பியர்.

மிக முக்கியம்: ஒளிந்திருக்கும் ரெசிஸ்டர்

பாயின்ட் கருகாமல் இருக்க, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வண்டி நிறுவனங்களே குறைத்து வைத்தன. டாட்ஜ் டிரக்குகளில் வெள்ளைப் பீங்கான் கட்டையாக ஒரு ரெசிஸ்டர் கண்ணில் படும். செவர்லேயிலும் ஃபோர்டிலும் பல மாடல்களில் கட்டை கிடையாது. சாதாரண வயர் போலத் தெரியும் ரெசிஸ்டன்ஸ் வயர் ஒன்று வயர்க் கட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் தனி வயர் வழியே காயிலுக்குப் பேட்டரியின் நேரடி மின்சாரம் போகும்.

கிட்டின் சிவப்பு வயரைக் காயிலின் பாசிட்டிவ் முனையில் மாட்டுவதுதான் சுலபம் என்று தோன்றும். ரெசிஸ்டன்ஸ் வயர் உள்ள வண்டியில் அங்கே முழு 12 வோல்ட் கிடைக்காது. மாட்யூல் அரைகுறையாக வேலை செய்யும். எஞ்சின் ஓடும், திடீரென நிற்கும், பிறகு தானே ஓடும். காரணம் புரியாமல் கிட் சரியில்லை என்று திட்டுவோம். சக்தி குறைந்த பவர் சப்ளை உள்ள கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆவது போலத்தான் இது.

பெரியவரின் டிரக்கில் சிவப்பு வயருக்குத் தனி வழி எடுத்தோம். ஃபியூஸ் பாக்ஸில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் முனையைத் தேடினோம். இன்னொரு சோதனையும் உண்டு. சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போதும் அந்த முனையில் மின்சாரம் இருக்க வேண்டும். ரேடியோவுக்குப் போகும் முனையில் ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் நின்றுவிடும். அங்கே மாட்டினால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றாது. காயிலை மட்டும் பழைய ரெசிஸ்டன்ஸ் வயரிலேயே விட்டுவிட்டோம்.

பொருத்தும் முறை

1. ஹேண்ட் பிரேக் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.
2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்ற வேண்டாம், வரிசை மாறிவிடும். செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.
3. ரோட்டாரைக் கழற்றுங்கள். பாயின்ட்டையும் கண்டென்சரையும் கழற்றி, தட்டைத் துடையுங்கள். தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் இடையே உள்ள சிறிய எர்த் வயர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.
4. மாட்யூலைப் பழைய திருகுத் துளையில் பொருத்துங்கள். காந்த வளையத்தைக் கேம் மீது அழுத்தி உட்கார வையுங்கள்.
5. வயர்கள் சுழலும் பாகத்தில் உரசாமல் வெளியே எடுங்கள். கறுப்பு காயிலின் நெகட்டிவ் முனைக்கு. சிவப்பு, நாம் தேடிப் பிடித்த 12 வோல்ட் முனைக்கு.
6. ரோட்டாரையும் மூடியையும் மாட்டுங்கள். இணைப்புகளை இன்னொரு முறை சரிபார்த்த பிறகே பேட்டரியை இணையுங்கள்.
7. ஸ்டார்ட் ஆனதும் டைமிங் லைட் வைத்து டைமிங்கைச் சரி செய்யுங்கள். ஸ்விட்ச் மாறியதால் பொறி நேரம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆன் நிலையில் நெடுநேரம் விடாதீர்கள். காயிலும் மாட்யூலும் சூடாகிக் கெட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். உங்களுக்கும் ஆபத்து, மாட்யூலுக்கும் ஆபத்து. பிளக் வயர்கள் வெறும் உலோகக் கம்பி வகையாக இருந்தால் ரெசிஸ்டன்ஸ் வகைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதிலிருந்து வரும் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

லாபம் என்ன, நஷ்டம் என்ன?

சரியாக டியூன் செய்த பாயின்ட் எஞ்சினை விட இது அதிகச் சக்தி தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்று இருக்கும் டியூனிங் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும். லாபம் அதுதான். இடைவெளி அளக்க வேண்டாம், அரம் போட வேண்டாம்.

பெரியவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பாயின்ட் கெடும் முன் பல நாள் அறிகுறி காட்டும். நடுவழியில் நின்றாலும் ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் ஒரேயடியாகப் போகும். உள்ளே திறந்து பார்க்க ஒன்றுமில்லை. பனி கொட்டும் சாலையில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரர் என்ன செய்வது?

அவர் பயம் நியாயமானது. ஹார்ட் டிஸ்குக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய இதுதான். சுழலும் டிஸ்க் பல சமயம் கரகரவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் கண்ணை மூடும். அதற்காக நாம் எஸ்.எஸ்.டி. வாங்காமல் இருக்கிறோமா? பேக்கப் எடுத்து வைக்கிறோம்.

அதையே செய்தோம். கழற்றிய பாயின்ட்டைத் தூக்கிப் போடவில்லை. புதிதாக ஒரு பாயின்ட், ஒரு கண்டென்சர், இடைவெளி அளக்கும் தகடு, ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு டாஷ்போர்டு அறையில் வைத்தோம். காயிலையும் ரெசிஸ்டன்ஸ் வயரையும் மாற்றாததால், மாட்யூல் போனாலும் பழைய பாயின்ட்டைத் திருகி இரண்டு வயரை மாற்றினால் வண்டி ஓடும். எந்த வயர் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து டப்பாவின் மூடியில் ஒட்டினார். அதன் பிறகே சம்மதித்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் டப்பாவைத் திறக்கும் தேவை வரவில்லை.

உங்களிடம் பழைய பெட்ரோல் வண்டி இருந்து, இந்த மாற்றத்தைச் செய்ய நினைத்தால், முதலில் பேட்டரி முனைகள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர்கள் மூன்றையும் சோதித்துவிடுங்கள். ஸ்டார்ட் ஆகாததற்குப் பல நேரங்களில் காரணம் அங்கேதான் இருக்கும். கேபிள் லூசாக இருப்பதற்காக யாரும் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வதில்லை அல்லவா? அவை சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் கிட் வாங்குங்கள். வாங்கிய அன்றே பேக்கப் டப்பாவையும் தயார் செய்துவிடுங்கள்.